பக்கத்து விமானத்தை இடிக்காமல் பறப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது ரொம்ப சுலபம் சார். ரன்வேயில் விர்ரென்று ஓடி மேலே கிளம்பலாம். மேகத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வரலாம். ஈஃபில் கோபுரத்தின் கால் இடுக்கில் நுழைந்து பார்க்கலாம். எங்கேயாவது மோதிவிட்டால்கூட, ஒரு பட்டனைத் தட்டினால் புத்தம் புது விமானம் வந்து நிற்கும். எஃப்.ஐ.ஆர். கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, மரத்தடியில் நின்று "லைசென்ஸை எடு" என்று மறிக்கிற ஆளும் கிடையாது.

இந்த சௌகரியமெல்லாம் பக்கத்தில் இன்னொரு விமானம் வந்து சேர்கிற வரைக்கும்தான்!

'ஃபார்மேஷன்' என்பார்கள். குடியரசு தினத்தன்று டெல்லி வானத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டு போகிறார்களே, அதேதான். உங்கள் வலது கையைக் கவிழ்த்து மேஜை மேல் வையுங்கள். கட்டை விரலை மறந்துவிடுங்கள். மீதி நாலு விரல் நுனியும் நாலு விமானம். நடு விரல் லீடர். அவருக்கு இடது பக்கம் ஆள்காட்டி, வலது பக்கம் மோதிர விரலும் சுண்டு விரலும். 1930-களின் கடைசியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது வெர்னர் மோல்டர்ஸ் உள்ளிட்ட ஜெர்மன் விமானிகள் உருவாக்கிய வரிசை இது. இன்றைக்கும் போர் விமானிகள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நம்ம விமானப் படையின் சூர்யகிரண் குழு 1996-ல் கிரண் விமானங்களோடு தொடங்கியது. இப்போது ஹாக் விமானங்கள். ஒன்பது விமானம் ஒரே ஜமுக்காளம் விரித்த மாதிரி போகும். பக்கத்து விமானத்துக்கும் தனக்கும் நடுவே 5 மீட்டருக்கும் குறைவு. அதாவது, ஒரு டவுன் பஸ்ஸின் பாதி நீளம்கூட இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் இன்னும் மோசம். சில சமயம் 18 அங்குலம்! நம்ம வீட்டு டீப்பாய் உயரம்.

கீழே இருந்து பார்க்கிறவருக்கு 'ஆஹா'. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு?

சிமுலேட்டரில் ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள், தெரியும். டி.சி.எஸ். வேர்ல்டு, ஐ.எல்.-2, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்... எதுவாகவும் இருக்கட்டும். லீடர் பக்கத்தில் பவ்யமாகப் போய் நிற்பீர்கள். இரண்டு செகண்ட் எல்லாம் சுகம். மூன்றாவது செகண்டில் லீடர் லேசாக மேலே போகிற மாதிரி இருக்கும். ஸ்டிக்கைக் கொஞ்சம் இழுப்பீர்கள். ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம். திடீரென்று உங்கள் விமானம் ஜிவ்வென்று எகிறும். ஐயையோ என்று தள்ளுவீர்கள். பாதாளத்தில் இறங்கும். மறுபடி இழுப்பு, மறுபடி தள்ளு... ஒன்பதாவது செகண்டில் லீடரின் வால் உங்கள் மடியில்!

இதற்குப் பெயர் பி.ஐ.ஓ. 'பைலட் இண்டியூஸ்டு ஆஸிலேஷன்'. தமிழில் சொன்னால், விமானி தானே கிளப்பிவிட்டுத் தானே மாட்டிக்கொள்ளும் ஊஞ்சல்.

குளியலறையில் ஹீட்டர் குழாயோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் ஜில்லென்று வருகிறது. சுடுதண்ணீர்க் குழாயைத் திருகுகிறீர்கள். வரவில்லை. இன்னும் திருகுகிறீர்கள். அப்போது வரும் பாருங்கள், தோல் உரிகிற சூட்டில்! பதறிப்போய் மூடினால் மறுபடி ஐஸ். குழாயில் கோளாறு இல்லை, கையிலும் கோளாறு இல்லை. திருகுவதற்கும் பலன் வருவதற்கும் நடுவே ஒரு தாமதம். அந்தத் தாமதத்தில் நாம் போடும் அதிகப்படித் திருகு. அவ்வளவுதான் சங்கதி.

தம்பி, என் கை சரியில்லை!

எங்கள் காலனியில் ஒரு பாங்க் அதிகாரி இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். 22 வயதில் விமானப் படைக்கு விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் தாண்டி, மெடிக்கலில் 'கண் பார்வை போதாது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். நிலப் பத்திரம், எல்.ஐ.சி. பாண்டு, அதற்கு அடியில் அது.

வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு இன்டர்நெட் வழியாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து பறப்போம். நான் லீடர், அவர் எனக்குப் பக்கத்து விமானம். தனியாகப் பறந்தால் மனிதர் கில்லாடி. லேண்டிங் எல்லாம் வெண்ணெய் மாதிரி. ஆனால் என் பக்கத்தில் வந்தால் மட்டும் ஊஞ்சல் ஆரம்பித்துவிடும். வாரா வாரம் இதே கதை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஹெட்போனில் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, அன்னிக்குக் கண்ணு சரியில்லேன்னாங்க. இன்னிக்குக் கையும் சரியில்லேன்னு தெரிஞ்சுபோச்சு. ஸ்டிக்கை யாராவது கேட்டா கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

"சார், ஞாயித்துக்கிழமை காலைல வரேன். அதுவரைக்கும் யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றேன்.

போனேன். அவர் மனைவி கொடுத்த காபியைக் குடித்தபடி, டி.சி.எஸ்.ஸில் 'ஆக்ஸிஸ் ட்யூன்' என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'டெட் ஸோன்' 15. 'சாச்சுரேஷன் எக்ஸ்' 70. யாரோ சொன்னார்களாம், ஸ்டிக் 'ஷார்ப்'பாக இருக்கும் என்று.

கோளாறு அங்கேதான் இருந்தது.

இன்கம்டாக்ஸ் மாதிரிதான் சார்

நான் பி.காம். எனக்கு எதையும் வரி, வட்டி, லெட்ஜர் மூலமாகத்தான் புரிந்துகொள்ள வரும். அவருக்கும் பாங்க் என்பதால் அப்படியே சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

கை எவ்வளவு அசைகிறதோ அது வருமானம். விமானம் எவ்வளவு அசைகிறதோ அது வரி. இரண்டுக்கும் நடுவே உள்ள விதிகள்தான் செட்டிங்ஸ்.

டெட் ஸோன் என்பது வரி விலக்கு வரம்பு. அந்த எல்லைக்குள் நீங்கள் கையை எவ்வளவு ஆட்டினாலும் விமானத்துக்குத் தகவல் போகாது. ஸ்டிக் நடுவில் நிற்காமல் லேசாக நடுங்கினால் அதை மறைக்க வைத்த ஏற்பாடு. சம்பளக்காரனுக்கு விலக்கு வரம்பு எத்தனை கூடினாலும் சந்தோஷம்தான். ஃபார்மேஷனில் அது விஷம்! ஏனென்றால் அங்கே உங்களுக்கு வேண்டிய அசைவு எல்லாமே அந்த நடு இடத்தில்தான் இருக்கிறது. 15 வைத்தால் இழுக்கிறீர்கள், ஒன்றுமில்லை... இழுக்கிறீர்கள், ஒன்றுமில்லை... திடீரென்று டமால். ஹீட்டர் குழாய்க் கதை. காந்த சென்சார் உள்ள ஸ்டிக் என்றால் டெட் ஸோன் 0 அல்லது 1 போதும். பழைய மாதிரி தேய்மான பொட்டென்ஷியோமீட்டர் என்றால் 3, மிஞ்சிப் போனால் 5.

சாச்சுரேஷன் எக்ஸ் என்பது எந்த இடத்தில் உச்ச வரி வந்துவிடும் என்கிற கணக்கு. 70 என்று வைத்தால் ஸ்டிக்கை 70 சதவிகிதம் தள்ளும்போதே விமானம் 100 சதவிகிதம் வாங்கிக்கொள்ளும். வாலில் மிளகாய்ப் பொடி தடவிய மாதிரி. ஃபார்மேஷனுக்கு இது 100-லேயே இருக்கட்டும்.

சாச்சுரேஷன் ஒய் வேறு. அது உச்ச வரியையே குறைப்பது. கை முழுக்கப் போனாலும் விமானம் பாதிதான் திரும்பும். ஃபார்மேஷனுக்கு சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் லேண்டிங்கில் மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்காது. அதையும் தொடவேண்டாம்.

மீதி இருப்பது 'கர்வேச்சர்'. இதுதான் ஸ்லாப் ரேட். குறைந்த வருமானத்துக்குக் குறைந்த விகிதம், போகப் போக அதிகம். நடுவில் விமானம் மெதுவாக அசையும், ஓரத்தில் வேகமாக அசையும், முழுக்க இழுத்தால் முழுசும் கிடைக்கும்.

ஒரு எளிய கணக்கு போட்டுக் காட்டினேன். வளைவு 20 என்று வைத்தால், கை 10 சதவிகிதம் போகும்போது விமானத்துக்கு சுமார் 8 போகும். கை 50 போனால் 42 அல்லது 43. கை 100 என்றால் 100. வளைவே இல்லாவிட்டால் 10-க்கு 10, 50-க்கு 50.

"அப்போ 60 வெச்சுட்டா இன்னும் நல்லதுதானே தம்பி?"

எல்லோரும் கேட்கிற கேள்வி. 60 வைத்தால் கை 10 போனால் விமானத்துக்கு 4-தான் போகும். பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் எப்படியும் கடைசியில் 100-க்கு வந்து சேர வேண்டுமே! நடுவில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஓரத்தில் வட்டியோடு வசூல் பண்ணும். கை கொஞ்சம் எல்லை தாண்டினால் விமானம் இரண்டு மடங்குக்கு மேல் துள்ளும். பாங்க்காரருக்குச் சட்டென்று புரிந்தது. "ஓஹோ... ஈ.எம்.ஐ.யைத் தள்ளிப் போட்ட கேஸு!"

கரெக்ட். பிட்சுக்கு 20, ரோலுக்கு 15 என்று வைத்தோம். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10-லிருந்து 25-க்குள் உங்கள் ஸ்டிக், உங்கள் விமானம் பார்த்து ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாலு எண்ணைச் சேர்த்து மாற்றிவிட்டு 'எதனால் சரியாச்சு' என்று முழிப்பது, வவுச்சர் இல்லாமல் செலவு எழுதுகிற மாதிரி.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். அங்கே 'ரியாக்டிவிட்டி' என்று ஒரு கோடு இருக்கும். அதைக் குறைத்தால் விமானம் வழவழவென்று பறக்கிற மாதிரி தோன்றும். உண்மையில் அது உங்கள் கைக்கும் விமானத்துக்கும் நடுவே தாமதத்தைச் சேர்க்கிறது. தாமதம் என்றால் என்ன ஆகும் என்று ஹீட்டர் குழாய் சொல்லிவிட்டது.

மேஜை மேல் இருக்கிற கை

இந்த வளைவெல்லாம் ஏன் தேவைப்படுகிறது? நிஜ விமானத்தில் தரையிலிருந்து எழும்புகிற ஸ்டிக் நீளமானது. விமானியின் கை நன்றாக நகர்ந்தால்தான் ஸ்டிக் ஒரு டிகிரி சாயும். நம் மேஜை ஸ்டிக் ஒரு சாண் உயரம். அதே ஒரு டிகிரிக்கு நம் கை ஒரு நூல் நகர்ந்தால் போதும். தும்மினாலே விமானம் திரும்பும்! அந்த உயர வித்தியாசத்துக்குச் செட்டிங்கில் கொடுக்கிற ஈடுதான் வளைவு.

"செட்டிங்ஸ் மாத்தறதெல்லாம் சின்னப் பசங்க வேலை, நிஜ பைலட் அப்படியா பண்றார்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு நிஜக் கதை.

1974 ஜனவரி 20. அமெரிக்காவில் எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளம். பிற்காலத்தில் எஃப்-16 என்று உலகமே கொண்டாடப்போகிற விமானத்தின் முதல் மாதிரி, ஒய்.எஃப்-16. அன்றைக்குப் பறக்கிற திட்டமே இல்லை. ரன்வேயில் வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. உள்ளே ஃபில் ஓஸ்ட்ரிச்சர் என்கிற சோதனை விமானி. அந்த விமானத்தின் ஸ்டிக் விசித்திரமானது. அசையவே அசையாது. கை கொடுக்கிற அழுத்தத்தை மட்டும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பக்கவாட்டுச் சாய்வுக்கு அதன் சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார்கள்.

ஓடும்போது விமானம் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. அவர் சரிசெய்யச் சரிசெய்ய ஆட்டம் கூடியது. வால் இறக்கை தரையில் உரசியது. ரன்வேயை விட்டு விலகி ஓட ஆரம்பித்தது. மனிதர் ஒரு முடிவு எடுத்தார். இங்கே உருள்வதைவிட மேலே போவதே உத்தமம்! த்ராட்டிலைத் தள்ளிக் கிளம்பிவிட்டார். ஆறு நிமிஷம் பறந்து பத்திரமாக இறங்கினார். 'அதிகாரபூர்வமான' முதல் பறத்தல் பிப்ரவரி 2-ம் தேதிதான். அதற்குள் அந்த சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டார்கள். பிற்பாடு வந்த எஃப்-16-களில் விமானியின் கைக்கு ஒரு உணர்வு கிடைக்கட்டும் என்று ஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர் அசைய வைத்தார்கள்.

நம்ம பாங்க் சாருக்கு நடந்ததும் அதேதான். அங்கே கோடிக்கணக்கான டாலர், இங்கே மேஜை ஸ்டிக்.

இன்னொரு வேடிக்கை. ப்ளூ ஏஞ்சல்ஸ் விமானங்களில் ஸ்டிக்கோடு ஒரு ஸ்பிரிங் மாட்டியிருப்பார்கள். அது விமானத்தின் மூக்கை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சுமார் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. காட்சி முழுக்க விமானி அதை எதிர்த்து இழுத்துப் பிடித்தபடியே பறக்கிறார். ஏன் இந்தத் தண்டனை? தளர்வாகப் பிடித்த கை நடுங்கும். எப்போதும் ஒரே பக்கம் பாரம் இருந்தால் கை நடுங்காது. தண்ணீர்க் குடம் சுமக்கிறவர் நேராக நடப்பதைப் பார்த்திருப்பீர்களே!

நமக்கு 18 கிலோ வேண்டாம். முழங்கையைத் தொடையிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக்கொண்டால் போதும். ஸ்டிக்கை உள்ளங்கையால் இறுக்காமல் விரல்களால் பிடியுங்கள். லீடருக்குப் பக்கத்தில் போகும் முன்பே 'ட்ரிம்' செய்து, ஸ்டிக் நடுவுக்கு அருகில் இருக்கும்போதே விமானம் நேராகப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் மென்மையான பகுதி நடுவில்தான் இருக்கிறது. உங்கள் கை ஓரத்தில் நின்றால் அந்த மென்மை யாருக்கு?

இடது கைக்கும் வேலை இருக்கு

நிறையப் பேர் வலது கையையே குறை சொல்வார்கள். ஃபார்மேஷனில் பாதி வேலை இடது கையில், த்ராட்டிலில். ஜெட் எஞ்சின் அரசாங்க ஃபைல் மாதிரி. இன்றைக்கு மனு கொடுத்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அசையும். பின்தங்குகிறோமே என்று த்ராட்டிலை மொத்தமாகத் தள்ளினால், ஃபைல் சாங்ஷன் ஆகிற நேரத்தில் லீடரைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

இதற்கு மூன்று படி. முதலில் கொஞ்சம் கூட்டு. நகர ஆரம்பித்ததும், கூட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறை. இடத்துக்கு வந்ததும் பாதியைத் திருப்பிக் கொடு. கூட்டு, குறை, கொடு. த்ராட்டிலின் நடுப் பகுதிக்கும் ஒரு சின்ன வளைவு கொடுத்தால் இது இன்னும் எளிது.

கண் எங்கே இருக்க வேண்டும்? லீடர் மேல். வேறெங்கும் இல்லை. அவர் இறக்கையின் நுனியும் உடம்பில் உள்ள ஏதாவது ஒரு அடையாளமும் ஒரே கோட்டில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால், அந்தக் கோடு கலைகிறபோதே தெரிந்துவிடும். அப்போதே, சின்னதாக, கை போகவேண்டும்.

லீடரை மட்டுமே பார்ப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 1982 ஜனவரி 18, அமெரிக்காவின் நெவாடா. தண்டர்பேர்ட்ஸ் குழுவின் நாலு டி-38 விமானங்கள் ஒரு முழு வளையம் அடித்து இறங்கிக்கொண்டிருந்தன. லீடரின் விமானத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு கோளாறானதால் மூக்கு எழும்பவில்லை. மற்ற மூவரும் அவரையே பார்த்துக்கொண்டு கூடவே வந்தார்கள். நாலு பேரும் இறந்துபோனார்கள். சிமுலேட்டரில் நமக்கு ஒரு பட்டன் இருக்கிறது. அவர்களுக்கு இல்லை. லீடராகப் பறக்கிற வெள்ளிக்கிழமைகளில் நான் திருப்பங்களை மெதுவாகவே எடுக்கிறேன். திரும்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

நாலு நிமிஷம்

பாங்க் சாருக்கு வருவோம். செட்டிங் மாற்றிய முதல் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் அரை நிமிஷம் நின்றார். பிறகு ஊஞ்சல். அடுத்த வாரம் ஒன்றரை நிமிஷம். அதற்கடுத்த வாரம், சிமுலேட்டரில் கருங்கடல் ஓரம் பதூமி என்கிற ஊர். கடற்கரையை ஒட்டி இடது பக்கம் ஒரு நீளமான திருப்பம் எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மனிதர் இருக்கிறார். நேராக்கினேன். இருக்கிறார். வலது பக்கம் திரும்பினேன். ஆணி அடித்த மாதிரி அங்கேயே இருக்கிறார்.

நாலு நிமிஷம் பத்து செகண்ட். ரேடியோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் எங்கள் நாலாவது விமானம். எப்போதும் வாய் ஓயாதவர். அவரும் அன்றைக்குப் பேசவில்லை.

இறங்கிய பிறகு சார் கேட்டது ஒன்றே ஒன்று:

"தம்பி, இன்னொரு ரவுண்டு போலாமா?"

மணி 12 ஆகியிருந்தது. போனோம்.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால், பர்ஸைத் திறக்க வேண்டாம். டி.சி.எஸ். வேர்ல்டு இலவசம். கூடவே எஸ்.யு.-25டி என்கிற ஜெட்டும், டி.எஃப்.-51 என்கிற பழைய முஸ்டாங்கும் இலவசம். முதல் நாள் லீடரிடமிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அங்கே ஐந்து நிமிஷம் ஆடாமல் நிற்க முடிந்தால் பாதித் தூரம் கிட்டே போங்கள். ஆடினால் மறுபடி தள்ளிப் போங்கள். வெட்கமே இல்லை.

கடைசியாக, நிஜ விமானப் பயிற்சியில் சொல்லித்தருகிற ஒரு பழைய வித்தை. கை இறுகுகிறது என்று தோன்றினால் கால் விரல்களை ஆட்டுங்கள். கால் விரலை ஆட்டிக்கொண்டே கையை இறுக்கிப் பிடிக்க உடம்புக்குத் தெரியாது. தானாகக் கை தளரும், விமானம் அமைதியாகும். ஆபீஸில் மேனேஜர் எதிரே நிற்கும்போதும் வேலை செய்கிறது. ஷூ போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது!